மேலிடத்து உத்தரவு

அவருடைய போன் பேசுவதைக் கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுவது மாதிரி இருக்கும். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசித்துச் சொல்லுமே, அந்தக் குரலை அவர் ஓடவிட்டிருந்த வேகத்தில் எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடாது. "என்னண்ணா சொல்லுது?" என்று கேட்டால் "மழை வருமாம்" என்பார். இவ்வளவு நேரம் பொரிந்து தள்ளியதற்கு மழை வருமாம் மட்டும்தானா என்று எனக்கு எரிச்சல் வரும். அந்தப் போனால்தான் எங்கள் சலவைக் கூடத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் விழுந்தது. ஆள் அதற்கு நேர் எதிர். நடை நிதானம், பேச்சு அதைவிட நிதானம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் போனின் திரை எப்போதும் கரியாக இருக்கும். "எனக்கு எதுக்கும்மா வெளிச்சம்? பேட்டரிக்குத்தான் கேடு. பஸ்ல பக்கத்துல உக்கார்றவன் எட்டிப் பார்க்கிற வேலையும் மிச்சம்" என்று வெளிச்சத்தை மொத்தமாக அணைத்து வைத்திருந்தார். புதிதாக வந்த வாட்ச்மேன், போன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அண்ணே, உங்க போன் செத்துப்போச்சு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆக அந்தப் போனைப் பார்த்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது, கேட்டாலும் ஒன்றும் புரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நான் இஸ்திரி உருளையில் நிற்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள் உருளைக்குள் நுழைந்து சூடாக வெளியே வரும். கறை தெரிந்தால் நான் தனியே எறிவேன். மற்றதெல்லாம் அவருடைய மேஜைக்குப் போகும். அவர் மடிப்பார். ஈரம் மிச்சமிருந்தால் "இது இன்னும் பச்சையா இருக்கும்மா" என்று திருப்பி அனுப்புவார். ஓரம் பிரிந்திருந்தால் தனியே வைப்பார். பக்கத்து மேஜையில் இருக்கிற இரண்டு பேரைவிட அவர் மெதுவுதான், பொய் சொல்வானேன். ஆனால் அவர் அடுக்கிய அடுக்கு சரிந்து நான் பார்த்ததில்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அல்ல. கல்யாணமாகும்போது அரைகுறையாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு ஏறி, ஒருநாள் நடுவிலும் மூடிக்கொண்டது. அச்சகத்தில் பார்த்த வேலை போயிற்று. அப்புறம் வேலை கேட்டு ஏறாத படி இல்லை. சில இடங்களில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, உங்களைப் போன்றவர்களைக் கண்டால் பெருமையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்களாம். "பெருமையை வெச்சு நான் என்னம்மா பண்றது" என்பார். எங்கள் இடத்தில்தான் மடிக்கிற வேலை கிடைத்தது. இது போனால் அடுத்தது கிடையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டன் வைத்த பழைய போன் இருந்தவரைக்கும் அவருக்குக் கவலை இல்லை. தடவினால் விரலுக்குத் தெரியும். தொடுதிரை போன் வந்தபோதுதான் கலங்கிப்போனார். வழவழவென்று ஒரு கண்ணாடித் துண்டு, அதில் எதைத் தடவுவது? அண்ணி விடவில்லை. அண்ணி என்றால் அவருடைய மனைவி. துணிக்கடையில் பில் போடுகிறவர், வாய்க்கொழுப்பில் எனக்கு அக்கா முறை. சமையலறையில் உட்கார வைத்துப் பழக்கினார். ஒருமுறை தொட்டால் அது என்ன பட்டன் என்று குரல் சொல்லும். அதேதான் வேண்டுமென்றால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். வேண்டாமென்றால் விரலை நகர்த்திக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதற்கு மூன்று மாதம் சண்டை நடந்தது என்று அண்ணி சொல்வார்.

போனில் ஆட்களின் பெயரைப் பதிந்ததும் அண்ணிதான். ஒருநாள் நான் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே விளையாட்டாக அவரை அழைத்தேன். யார் அழைக்கிறார்கள் என்று சொல்கிற குரல் மட்டும் எங்களுக்கும் புரிகிற வேகத்தில் வரும். "வாயாடி அழைக்கிறார்" என்றது. கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அண்ணிக்கே போன் போட்டுக் கேட்டேன். "உண்மையைத்தானே போட்டேன். நீயே அழிச்சுக்கோ, முடிஞ்சா" என்றார். அண்ணி தன்னுடைய பெயரை எப்படிப் பதிந்திருந்தார் தெரியுமா? மேலிடம். மதியம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்க அழைப்பார். "மேலிடம் அழைக்கிறார்" என்று போன் முழங்கும். எக்ஸ்பிரஸ் மடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பேசுவார். அதுவும் எங்களுக்குச் சிரிப்பு.

பிறகு கம்பெனியில் ஆப் வந்தது. அதுவரை மேனேஜர் மேடம் வாயால் சொல்வார், நாளைக்கு நீ காலை, நீ மதியம் என்று. இனிமேல் தினமும் சாயந்திரம் போனில் அழைப்பு வரும், அதை ஏற்றால்தான் மறுநாள் வேலை. கேட்டில் வாட்ச்மேன் கையில் இருக்கிற பலகையில் பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. எங்களுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. திரையில் பச்சையாக ஒரு டிக், சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பச்சையைத் தொட்டால் வருகிறேன், சிவப்பைத் தொட்டால் வரவில்லை. எழுத்து என்று ஒன்றுமே கிடையாது, இரண்டும் வெறும் படம்.

அவருடைய போன் அதை எப்படி வாசிக்கும்? "பட்டன்" என்றது. விரலை நகர்த்தினால் மறுபடி "பட்டன்" என்றது. முதல் நாள் எது எதுவென்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். நான்தான் பிடுங்கி அழுத்தினேன். மேடத்திடம் போய்ச் சொன்னோம். "மேலே எழுதியிருக்கேன். சரி பண்ணுவாங்க" என்றார். அவரும் நல்லவர்தான். மேலே என்பது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

கம்பெனியின் மேலிடம் அசையவில்லை, வீட்டு மேலிடம் அசைந்தது. பெயரில்லாத பட்டனுக்கு நாமே ஒரு பெயர் எழுதி வைக்க அந்தப் போனில் வசதி இருந்தது. அண்ணி திரையைப் பார்த்துச் சொல்ல, அவர் அடித்தார். பச்சைக்கு அண்ணி சொன்ன பெயர், "கிளம்புங்க, நேரமாச்சு". சிவப்புக்கு, "போதும், இன்னிக்குப் படுங்க". ஏற்பது மறுப்பது என்றெல்லாம் சொல்ல அண்ணிக்கு வாய் வராது. வீட்டில் தினமும் சொல்கிற இரண்டையும் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். கூடத்தில் சாயந்திரம் அழைப்பு வரும்போது அந்தப் போன் பொரிகிற பொரியலில் இது எதுவும் எங்கள் காதில் விழுந்ததில்லை.

அண்ணி ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறிக்கொண்டிருக்கிறார், நீங்கள் வேலைக்குப் போய் வாருங்கள் என்று அவர்களே சொல்லி அனுப்பிய அன்றைக்குத்தான். போன் ஏதோ ஒரு எண்ணை ஒப்பித்தது. அவர் எடுத்து, "ஆமா… ஆமா… சரிங்க" என்றார். போனைப் பைக்குள் போட்டார். மேஜையில் பாதி அடுக்கு துண்டு இருந்தது. அதை முழுக்க மடித்தார். கடைசித் துண்டை வைத்து அடுக்கைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணி போயிட்டாளாம்மா" என்றார். நான்தான் உருளையை நிறுத்தவும் தோன்றாமல் அலறினேன்.

அவர் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவர், விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தார். கல்நெஞ்சக்காரர் என்று பக்கத்து மேஜையில் ஒருத்தி முணுமுணுத்தாள். அவளை நான் கேட்டது கேட்டபடி இருக்கட்டும், இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் பயமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூடாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். "சாப்பிடுங்கண்ணா" என்றால் சாப்பிடுவார். "போதும்ண்ணா" என்றால் நிறுத்துவார். சொன்னால் செய்கிற ஆளாக மட்டும் மிச்சமிருந்தார். ஒருநாள் அவரே சொன்னார். "ஒண்ணும் தெரியலம்மா. பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அது மாதிரி இருக்கு. உடம்பு பூரா."

இப்படி இருக்கும்போது எனக்கு மதிய வேலை மாற்றி வந்தது. அவர் காலை வேலைதான், அதனால் ஒரு வாரம் போல அவரைப் பார்க்கவில்லை. மனது கேட்காமல் போன் போட்டேன். "வேலை இல்லைம்மா. பேர் வரல. காலைல போறேன், வாட்ச்மேன் இல்லங்கறான், திரும்பி வந்துடறேன்" என்றார். தினமும் போகிறார், தினமும் திரும்புகிறார். ஏன் என்று ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். பெண்டாட்டி செத்த சூடு ஆறவில்லை, அதற்குள் கை கழுவி விட்டீர்களா, கண் தெரியாத மனுஷன் என்றால் கிள்ளுக்கீரையா என்று மூச்சு விடாமல் கேட்டேன். மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அவர் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறி.

"தினமும் கூப்பிடறோம். தினமும் அவரேதான் மறுக்கிறார். வீட்ல துக்கம், கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நானும் தொந்தரவு பண்ணல" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இப்படியே மறுத்தா சிஸ்டம் தானா பேரை எடுத்துடும். இன்னிக்கு சாயந்திரம் போற அழைப்புதான் கடைசி. அதை அவர் ஏத்துக்கிட்டாப் போதும். என்னால உள்ள கை வெக்க முடியாது" என்றார். நான் கத்தியதெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தது. பொறுக்கிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மாடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல் மேடை. கதவு திறந்தே இருந்தது. குளியல் சோப்புத் தண்ணீர் புட்டியில் ஒரு ரப்பர் வளையம், தரை கழுவுகிற புட்டியில் இரண்டு வளையம். உப்பு டப்பாவின் மூடியில் ஒரு பொட்டு பசை காய்ந்து மேடாக இருந்தது. அண்ணியின் கைவேலைதான் எல்லாம். கொடியில் அண்ணியின் புடவை ஒன்று அப்படியே கிடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் எழுந்து தேநீர் போடப் போனார். "அதெல்லாம் வேணாம், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

"ஏண்ணா வேலை வேணாங்கறீங்க?"

"நான் எப்பம்மா வேணாம்னேன்?"

"மேடம் காட்டினாங்க. தினமும் நீங்கதான் மறுத்திருக்கீங்க."

"இல்லையே. அழைப்பு வருது, போறேன்னு தட்டறேன். நடுவுல ஆப்பைப் புதுசு பண்ணச் சொல்லிச்சு, பண்ணேன். அவ்வளவுதான்."

போனைக் காட்டுங்கள் என்றேன். கரித்திரை. "வெளிச்சத்தைப் போடுங்கண்ணா. அப்படியே அந்தக் குரலையும் மனுஷன் பேசற வேகத்துக்குக் கொண்டுவாங்க." அவர் விரலால் ஏதோ திருகினார். திரை விழித்துக்கொண்டது. நேற்று மறுத்த அழைப்பு மங்கலாக நின்றது, கீழே இரண்டு பட்டன். அவர் எப்போதும் தொடுகிற இடத்தில் விரலை வைத்தார். போன் நிறுத்தி நிதானமாகச் சொன்னது, "கிளம்புங்க, நேரமாச்சு."

விரலுக்கு அடியில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது.  அந்தச் சொல் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணி அதைத்தான் இழுத்துச் சொல்லி, கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவார். புதுசு பண்ணும்போது கம்பெனிக்காரன் பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றி வைத்துவிட்டான். அண்ணி எழுதிய பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. இவர் அண்ணி சொல்கிறார் என்று நம்பி, தினமும் சாயந்திரம் வேலை வேண்டாம் என்று தட்டிவிட்டு, மறுநாள் காலையில் குளித்துக் கிளம்பிப் போயிருக்கிறார்.

உள்ளதைச் சொன்னேன்.  "அவ சொன்னாளேன்னுதான் தட்டினேன்" என்றார். "அதைக் கேட்டாத்தான் எந்திரிக்கவே தோணுதும்மா."

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "சரி, இப்ப என்ன ஆயிடுச்சு? ரெண்டு பட்டன் பேரையும் மாத்தி எழுதிட்டாப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை. அழைப்பு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம், கொடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. போனை மடியில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அவ குரல் எங்கிட்ட ஒரு துண்டு கூட இல்லம்மா. கூடவே இருக்கிறவளை எவன் பதிவு பண்ணி வெப்பான்? இது ஒண்ணுதான் இருக்கு. அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சது. இப்ப அழிச்சிட்டு நானா அடிச்சா, அது நான் சொன்னதாயிடும்."

"அதுக்காக வேலையை விடப் போறீங்களா?"

"தெரியல."

தெரியல என்று அவர் சொன்ன விதம்தான் என்னைக் கொன்றது. வீம்பு இல்லை, அழுகை இல்லை. வேலை போனாலும் சரி, இருந்தாலும் சரி என்று ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் அவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?   எதிரே உட்கார்ந்துகொண்டேன். கீழே தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் போன் அதிர்ந்தது. நாளைக் காலை வேலைக்கு அழைப்பு என்று வாசித்தது. திரையைப் பார்த்தேன். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. அவர் விரலை வைத்தார்.

"கிளம்புங்க, நேரமாச்சு."

விரல் அங்கேயே நின்றது. இரண்டு தட்டு தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். நான் அவர் விரலையே பார்த்தேன். கையைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுபடி ஒருமுறை தொட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு விரலை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார்.

"போதும், இன்னிக்குப் படுங்க."

"இதுதானே பச்சை?" என்றார்.

"அதுதாண்ணா."

"இதை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல" என்றார். "எழுதின அன்னிக்குக் கேட்டதோட சரி. வேலையை வேணாம்னு சொல்ற அளவுக்கு எனக்கு ஒருநாளும் வந்ததில்ல." பிறகு போனைப் பார்த்து, ஆளைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "சரி" என்று சொல்லி இரண்டு தட்டு தட்டினார். திரை முழுக்கப் பச்சையாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவருக்கு வரவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார்.

ஆப்பை எப்போதோ சரி செய்துவிட்டார்கள். பட்டன்களுக்கு இப்போது முறையான பெயர் இருக்கிறதாம், யார் போனிலும் பேசுமாம். மேடம் அவரைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார். "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார். அவருடைய போன் அந்தப் பெயரைச் சொல்லாது. நாமே எழுதிய பெயர் இருந்தால் அதைத்தான் சொல்லும், அதை அவர் அழிக்கவில்லை. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

இப்போதும் சாயந்திரம் அழைப்பு வருகிறது. அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் குரலின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அதனால் உருளைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கும் கேட்கிறது. முதலில் கிளம்பச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு விரலை நகர்த்துகிறார். போதும், இன்னிக்குப் படுங்க என்கிறது. சரி என்று இரண்டு தட்டு தட்டிவிட்டு, மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து மேஜையில் நிற்கிறார்.